மருத்துவச்சியைக் கைகழுவிய ஊர்

வெள்ளிக்குறிச்சியில் மனிதர்களின் கைகள் ரீங்கரிக்கத் தொடங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை காலை, இட்லி வேகிற நேரத்தில். அதற்கு மூன்று மாதம் முன்னாலேயே அந்த ஊர் தன் மருத்துவச்சி பேச்சித்தாயைக் கைகழுவிவிட்டிருந்தது. இரண்டில் எது பெரிய அதிசயம் என்று கேட்டால் பேச்சித்தாய் யோசிக்காமல் தன்னைக் கைகழுவியதைத்தான் சொல்லுவாள். ஏனென்றால் கைகள் வண்டு மாதிரி முரலுவதற்கு ஏதாவது ஒரு காரணம் இருந்தாலும் இருக்கும், ஆனால் பதினெட்டு வருஷமாக அந்த ஊரில் பிறந்த அத்தனை தலையையும் முதலில் ஏந்திய கையை, ஒரு புஸ்தகத்தில் ஒரு வரி இருக்கிறதென்று ஒரே நாளில் வேண்டாமென்று சொல்ல என்ன காரணம் இருக்க முடியும் என்பது அவளுக்கு விளங்கவே இல்லை.

அந்தப் புஸ்தகத்தை வரவழைத்தவர் ரைஸ் மில் முதலாளி நெல்லைநாயகம். அவர் மனைவி ஆவுடையம்மாள் இரண்டு முறை தாய்வீட்டுக்குப் பிரசவத்துக்குப் போய் இரண்டு முறையும் வெறுங்கையோடு திரும்பியவள். இரண்டாம் முறை பிள்ளை போனதோடு நிற்காமல் ஜன்னி கண்டு நாற்பது நாள் கிடந்து, பிழைத்ததே மறுபிறப்பு என்று ஊர் பேசியது. மூன்றாவதாக அவள் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்ததும், இந்தத் தடவை யாரையும் நம்புவதில்லை என்று முடிவெடுத்த நெல்லைநாயகம், பட்டணத்திலிருந்து ‘குடும்ப சகாய தீபிகை’ என்ற நானூற்றுப் பன்னிரண்டு பக்கப் புஸ்தகத்தை வி.பி.பி.யில் தருவித்தார். முன்பாதியில் புருஷன் பெண்சாதியிடம் எப்படிப் பேசுவது, மாமியார் மருமகள் சண்டையை எத்தனை நாழிகைக்குள் தீர்ப்பது, குழந்தையை எந்தத் திசையில் கிடத்துவது என்பதெல்லாம் இருந்தது. பின்பாதியில் ஆதிகாலம் தொட்டு எந்தத் தேசத்து வைத்தியன் எந்த வியாதியை எப்படி மடக்கினான் என்ற சரித்திரமும், அதிலிருந்து குடும்பஸ்தர்கள் பெறவேண்டிய பாடங்களும் இருந்தன.

நல்ல புஸ்தகம்தான். எழுதியவர் விஷயம் தெரிந்தவர். நூற்றெண்பத்தேழாம் பக்கத்தில் அவர், “பிரசவ அறைக்குள் நுழையுமுன் மருத்துவச்சி கை கழுவிவிட வேண்டும்” என்று தெளிவாகத்தான் எழுதிக் கொடுத்திருக்கிறார். அச்சுக் கோத்தவன் வெற்றிலை போட எழுந்து போய் வந்தானோ, அல்லது அவனுக்கு எந்த மருத்துவச்சி மேல் என்ன கோபமோ, ஒரு ‘யை’யையும் ஒரு ‘க்’கையும் நடுவில் செருகி, “மருத்துவச்சியைக் கைகழுவிவிட வேண்டும்” என்று கோத்துவிட்டான்.

நெல்லைநாயகம் சாயங்காலம் மில் பெல்ட் நின்றதும் உமிக் குவியலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு, தினம் நாலு பக்கம் ஊருக்கு வாசித்துக் காட்டுவார். அந்த வரியை அவர் வாசித்த அன்று, ஏன் கைகழுவிவிட வேண்டும் என்று கேட்ட ஒரே ஆள் தச்சர் மாடசாமி. அது சயன்ஸ் என்று நெல்லைநாயகம் பதில் சொன்னார். சயன்ஸ் என்ற சொல்லுக்கு எதிர்ச்சொல் தெரியாததால் மாடசாமி உட்கார்ந்துவிட்டார். அடுத்த வாரமே, வலி கண்ட வீடுகளுக்கு வழக்கம்போல வெந்நீர்ப் பானையைத் தூக்கிக்கொண்டு போன பேச்சித்தாயை வாசலிலேயே நிறுத்தி, மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளாதே பேச்சி, புஸ்தகம் அப்படிச் சொல்லுகிறது என்று நயமாகச் சொல்லி அனுப்பினார்கள். திட்டி அனுப்பியிருந்தால்கூட அவள் திருப்பித் திட்டியிருப்பாள். நயமாகச் சொன்னதில் வாயடைத்துப் போய் வீட்டுக்கு வந்து, புருஷன் சவரக்கத்தி தீட்டுகிற கல்லின் மேல் உட்கார்ந்து அழுதாள்.

புஸ்தகத்தின் கடைசித் தாளில் பிழைதிருத்தம் போட்டிருந்தது. கடைசித் தாளை வாசிக்கிற மனிதர் உலகத்தில் யார் இருக்கிறார்கள்? ஆவுடையம்மாள் இருந்தாள். ஐந்தாம் மாதம் மசக்கை விட்டு, மச்சில் படுத்தபடி நானூற்றுப் பன்னிரண்டு பக்கத்தையும் தீர்த்துவிட்டு, வேறு ஒன்றும் இல்லாததால் அதையும் வாசித்தாள். வாசித்ததும் புருஷனைக் கூப்பிட்டு, நூற்றெண்பத்தேழாம் பக்கத்தில் ‘மருத்துவச்சியை’ என்பதை ‘மருத்துவச்சி’ என்று வாசிக்க வேண்டுமாம், நாளைக்கே மில்லில் சொல்லிவிடுங்கள் என்றாள். அவர் முகம் உலர்ந்தது. ஊரே கேட்க வாசித்தாயிற்று, விளக்கமும் சொல்லியாயிற்று, சயன்ஸ் என்றும் சொல்லியாயிற்று. சொல்கிறேன் சொல்கிறேன் என்று கீழே இறங்கிப் போனவர், கஞ்சிப் பசை தடவி அந்தக் கடைசித் தாளை அட்டையோடு சேர்த்து ஒட்டிவிட்டார். மில் முதலாளி வீட்டில் கஞ்சிக்கா பஞ்சம்?

இப்படி இருக்கும்போதுதான் அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது. எருமை கறந்துவிட்டு வந்தவன் கையில் முதலில் கேட்டது. அப்புறம் மீன்காரியின் கையில், அப்புறம் பள்ளிக்கூடத்து வாத்தியார் கையில் லேசாக, அப்புறம் சுடுகாட்டிலிருந்து திரும்பியவர்கள் கையில் தேனடை கலைந்த மாதிரி. கை எதையெதைத் தொட்டதோ அது அத்தனையும் கைக்குள்ளிருந்து முனகுகிறது என்பதைப் பிற்பகலுக்குள் ஊர் புரிந்துகொண்டது. மூன்று நாள் பயந்தார்கள். நாலாம் நாள் பழகிவிட்டார்கள். ஐந்தாம் நாள் அதில் பெருமை வந்துவிட்டது.

எப்படி வந்தது என்றால், கை சுத்தமான ஆள் என்று நாற்பது வருஷமாகப் பெயரெடுத்த பஞ்சாயத்துத் தலைவரின் கை ஊரிலேயே கனமாக ரீங்கரித்தது. அவர் கையே அப்படி என்றால் அது கௌரவமான விஷயமாகத்தானே இருக்க வேண்டும் என்று ஊர் முடிவுக்கு வந்தது. நாலு காரியம் பார்க்கிற கை நாலு சத்தம் போடும், வேலை வெட்டி இல்லாதவன் கைதான் ஊமையாக இருக்கும் என்று ஒரு பேச்சுக் கிளம்பியது. மாப்பிள்ளை பார்க்க வந்தவர்கள் பையனின் கையைக் காதருகே வைத்துக் கேட்டுவிட்டுத் தலையாட்டினார்கள். நீராகாரம் குடிக்குமுன் கை நனைத்துக்கொண்டிருந்தவர்கள், நனைத்தால் சத்தம் குறைகிறது என்று கண்டு அதையும் விட்டார்கள். சீட்டாடுகிறவர்கள் மட்டும் சத்தத்தை வைத்து கையிலிருக்கிற சீட்டை அடுத்தவன் கண்டுபிடிக்கிறான் என்று துண்டால் கையைச் சுற்றிக்கொண்டார்கள். மத்தியானம் ஊர் முழுக்க ஒரு ரீங்காரம் எழுந்து ஆலமரத்துக் காக்கைகளைக் கிளப்பிவிட்டு அடங்கும். மில் பெல்ட் ஓடுகிறதா, ஊர் ஓடுகிறதா என்று வெளியூர்க்காரர்கள் கேட்டுவிட்டுப் போவார்கள்.

பேச்சித்தாயின் கையில் மட்டும் சத்தம் இல்லை. செட்டியார் கடையில் உப்பு வாங்கக் கை நீட்டினாள். இத்தனை முரலும் கைகளுக்கு நடுவில் அது ஒன்று மட்டும் கோயில் கல் மாதிரி மௌனமாக இருந்தது. கடைக்காரர் நிமிர்ந்து பார்த்து, “என்ன பேச்சி, ஒங் கை ஊமையா போச்சா?” என்றார். கைகழுவப்பட்டவள் கைக்கு ஏது பேச்சு என்று பின்னாலிருந்து யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அவளுக்கு உப்பைத் திருப்பி எறிந்துவிட்டு வர வேண்டும் போலிருந்தது. ஆனால் வீட்டில் உலை கொதித்துக்கொண்டிருந்தது, எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

அவள் கை ஏன் ஊமை என்பது அவளுக்குத் தெரியும். இருபது வயதில், ஆட்டுக்கடாவின் புண்ணுக்கு மருந்து வைத்துக்கொண்டிருந்தவளை உடன்பிறந்தாள் சண்பகத்துக்கு வலி என்று கூப்பிட்டார்கள். அவள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு ஓடினாள். பிள்ளை நல்லபடி பிறந்தது. சண்பகம் எட்டாம் நாள் ஜன்னியில் போனாள். ஏன் போனாள் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை, எந்தப் புஸ்தகமும் அவள் வாசித்ததில்லை. அந்தக் கையைத் தவிர வேறு எதுவும் அக்காவுக்குள் போகவில்லை என்று மட்டும் தெரிந்தது. அன்றிலிருந்து கொதிநீரும் சாம்பலும் எலுமிச்சம்பழமும் வைத்து, முழங்கை வரைக்கும், நகக்கண் சிவக்கும் வரைக்கும் தேய்க்காமல் அவள் ஒரு பெண்ணையும் தொட்டதில்லை. வேலை போன பிறகும் தினமும் அந்தத் தேய்ப்பை விடவில்லை. அதற்கப்புறம் அவள் கையில் ஒருத்தியும் ஜன்னி கண்டதில்லை. இதை அவள் யாரிடமும் சொல்லிக்கொண்டதுமில்லை, ஏனென்றால் சொல்ல வேண்டுமானால் சண்பகத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

கைகள் முரலத் தொடங்கிய பின் வெள்ளிக்குறிச்சியில் மூன்று பிரசவம் நடந்தது. மூன்றையும் ஆவுடையம்மாள் மச்சில் இருந்தபடி கவனித்தாள். ஒருத்தி கரும்புக் காட்டில் தனியாகப் பெற்று, தானே தொப்புள்கொடி அறுத்து, பிள்ளையைக் கூடையில் வைத்துக்கொண்டு நடந்து வந்தாள். அவளுக்கு ஒரு தும்மல்கூட இல்லை. ஒருத்திக்கு நாலு உறவுக்காரிகள் சத்தத்தோடு சூழ நின்று பிரசவம் பார்த்தார்கள். ஒரு மாதம் காய்ச்சலில் கிடந்து எழுந்தாள். மூன்றாவது, அடுத்த வீட்டில், தச்சர் மாடசாமியின் மனைவி தங்கம். சுவருக்கு அந்தப் பக்கம் வலி முற்ற முற்ற ரீங்காரமும் முற்றுவதைக் கேட்டுக்கொண்டே இருந்தாள் ஆவுடையம்மாள். ஒன்பதாம் நாள் தங்கத்தைப் பாடையில் தூக்கிக்கொண்டு போனார்கள். தெருவின் எதிர்ப்பக்கம் பேச்சித்தாய் நின்றிருந்தாள்; அவள் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு நின்றதை மச்சிலிருந்து ஆவுடையம்மாள் பார்த்தாள்.

அன்று சாயங்காலம் புருஷனைக் கூப்பிட்டு, மில்லில் திருத்தத்தை வாசித்தீர்களா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். அவர் சுவரைப் பார்த்தார். அதற்கப்புறம் எட்டு நாள் அவள் அவரோடு பேசவில்லை. புருஷன் பெண்சாதி பிணக்கைச் சூரிய அஸ்தமனத்துக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்று நாற்பத்திரண்டாம் பக்கத்தில் போட்டிருந்தது. அது எதற்கும் உதவவில்லை. அவர் தன் குற்றத்தைத் தன் பாணியில் ஈடுகட்டப் பார்த்தார்: ஜில்லாவிலேயே பேர்போன டாக்டர் குருபாதத்தைப் பிரசவத்துக்கு ஏற்பாடு செய்தார். டாக்டர் என்றால் கையைப் பற்றித் தெரிந்தவராக இருப்பார் என்று ஆவுடையம்மாளும் ஒப்புக்கொண்டாள்.

ஐப்பசியில் ஒரு காலை அவளுக்கு வலி எடுத்தது. ஆள் போய், பதினோரு மணிக்கு டாக்டர் குருபாதம் மோட்டாரில் வந்து இறங்கினார். தாமதத்துக்கு மன்னிக்க வேண்டும், வாய்க்காலில் மிதந்த ஒரு பிரேதத்தை அறுத்துப் பார்த்துவிட்டு நேரே வருகிறேன் என்றார். அவர் சொல்லத் தேவையே இல்லை. மோட்டாரை நிறுத்தின பிறகும் மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டது. அது அவருடைய இரண்டு கைகள். தெருவில் கூடியிருந்த சனம் அப்படியொரு கம்பீரமான ரீங்காரத்தை அதுவரை கேட்டதில்லை. பஞ்சாயத்துத் தலைவர் தன் கையை மெல்லப் பின்னால் கட்டிக்கொண்டார்.

டாக்டர் படியேறி அறை வாசலுக்கு வந்தார். உள்ளே உத்தரத்தில் கட்டிய கயிற்றைப் பிடித்து நின்றிருந்த ஆவுடையம்மாள் அந்தச் சத்தத்தைக் கேட்டாள். சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டதைப் போலப் பத்து மடங்கு.

“அந்தக் கை உள்ள வரக் கூடாது,” என்றாள். “மீறி வந்துச்சுன்னா நான் இந்தச் சன்னல் வழியா குதிச்சிருவேன். பேச்சியக் கூப்பிடுங்க.”

டாக்டருடைய கைக்கு ஏது அம்மா அழுக்கு என்று குருபாதம் சிரித்தபடி சொன்னார். அவர் நல்ல மனிதர். உண்மையிலேயே அப்படித்தான் நம்பினார். ஆவுடையம்மாள் அவரோடு பேசவில்லை, புருஷனைப் பார்த்தாள். எட்டு நாள் பேசாதிருந்து பிறகு வேண்டா வெறுப்பாகப் பேசிவந்த பெண்சாதி, இரண்டு பிள்ளை போன வயிற்றைப் பிடித்துக்கொண்டு பார்க்கிற பார்வை அது. நெல்லைநாயகம் செருப்பைக்கூடப் போடாமல் இறங்கி ஓடினார்.

பேச்சித்தாய் வாசலில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். அவர் ஓடி வருவதையும் அவருக்குப் பின்னால் ஊரே திரண்டு வருவதையும் பார்த்தும் எழுந்திருக்கவில்லை. அவர் மூச்சிரைக்க விஷயத்தைச் சொல்லி முடிக்கும்வரை கேட்டாள். ஆவுடையம்மாளின் வலி எத்தனை நேரமாக, பனிக்குடம் உடைந்ததா என்று அவள் வாய் தானாகவே கேட்டுவிட்டது. கேட்ட பிறகுதான் கோபம் வந்தது.

“என்னையக் கைகழுவணும்னு நீங்கதான முதலாளி வாசிச்சீய. புஸ்தகத்துல இப்பவும் அப்படித்தான இருக்கு?”

“அது அச்சுப்பிழை, பேச்சி. கடைசித் தாள்ல திருத்தியிருந்தான். எனக்கு அஞ்சாம் மாசமே தெரியும். பசையப் போட்டு ஒட்டிட்டேன்.”

“தங்கம் போயிட்டாளே, முதலாளி.”

பேச்சித்தாய் எழுந்து சேலையை இழுத்துச் செருகினாள். எனக்குச் சொன்னது போதாது, தெருவுக்குச் சொல்லுங்கள், மாடசாமி அண்ணாச்சி காதில் விழும்படி சொல்லுங்கள் என்றாள். நெல்லைநாயகம் திரும்பி நின்று, புஸ்தகம் வாசிக்கிற அதே குரலில், ஆனால் நடுநடுவே உடைந்து, சொன்னார். தச்சர் மாடசாமி கூட்டத்தின் ஓரத்தில் தலைகுனிந்து நின்று கேட்டார். நெல்லைநாயகம் சொல்லி முடிப்பதற்குள் பேச்சித்தாய் தெரு முனையைத் தாண்டிவிட்டாள். ஏனென்றால் நியாயம் காத்திருக்கும், வலி காத்திருக்காது.

அறைக்குள் போய் ஆவுடையம்மாளைப் படுக்க வைத்து, தேய்த்துச் சிவந்த கையை வயிற்றில் வைத்ததுமே பிள்ளை குறுக்கே கிடக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. திருப்ப வேண்டும். திருப்புமுன் அதற்கு உயிர்த்துடிப்பு இருக்கிறதா, எந்தப் பக்கம் இருக்கிறது என்று காதை வைத்துக் கேட்க வேண்டும். வைத்தாள். ஒன்றும் கேட்கவில்லை, தெரு முழுக்க நின்ற ஆயிரம் கைகளின் ரீங்காரம்தான் சன்னல் வழியாக வந்து வயிற்றுக்குள்ளும் நிறைந்திருந்தது.

அவள் சன்னலுக்கு வந்தாள். பதினெட்டு வருஷத்தில் அவள் அந்த ஊரைப் பார்த்துக் குரலுயர்த்தியதில்லை.

“எல்லாரும் கையக் கழுவுங்க. மில்லுல நெல் அவிக்கிற அண்டா அஞ்சும் கொதிக்கி, உமிச் சாம்பல் மலை மாதிரி கெடக்கு. முழங்கை வரைக்கும் தேச்சுக் கழுவுங்க. ஒரு கை சத்தம் போட்டாலும் எனக்குப் புள்ளையக் கேக்காது.”

நெல்லைநாயகமே அண்டாவிலிருந்து மொண்டு மொண்டு ஊற்றினார். கொத்தனார் கழுவினார், மீன்காரி கழுவினாள், வாத்தியார் வரிசையை ஒழுங்குபடுத்திவிட்டுக் கடைசியில் கழுவினார். செட்டியார் கழுவினார், ஊமைக் கை என்று சிரித்தவர்களெல்லாம் கழுவினார்கள். பஞ்சாயத்துத் தலைவர் ஏழு முறை கழுவியும் அடங்காமல் எட்டாம் முறை மோதிரங்களைக் கழற்றிவைத்துக் கழுவினார். தச்சர் மாடசாமி எல்லோரையும்விட அதிக நேரம் தேய்த்தார். டாக்டர் குருபாதம் வரிசையில் நின்று வந்து, கோட்டைக் கழற்றி, சாம்பலை அள்ளினார். ஒரு கழுவலில் மோட்டார் சத்தம் வண்டிச் சத்தமானது, இன்னொன்றில் வண்டுச் சத்தமானது, நாலாவதில் நின்றுபோனது. அந்த மௌனத்தில் அவர் தன் கைகளையே பார்த்தபடி உதட்டை அசைத்து எதையோ எண்ணிக்கொண்டிருந்தார். ஊர் ஊராக அவர் பிரசவம் பார்த்த பெண்களில் எழுந்திருக்காமல் போனவர்களின் பெயர்களாக இருக்கும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு படியேறி வந்து, அறை வாசலில் நின்று, நான் என்ன செய்யட்டும் அம்மா என்று பேச்சித்தாயைக் கேட்டார். அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். அது என்ன கணக்கு என்று அவளுக்குத் தெரியும். சண்பகத்தின் பெயர் அவளுடைய கணக்கில் இருக்கிறது. முதலாளியம்மாவின் தோளைப் பிடித்துக்கொள்ளுங்கள் ஐயா என்று மட்டும் சொன்னாள்.

மூன்று மாதத்துக்குப் பிறகு முதல்முறையாக வெள்ளிக்குறிச்சி நிசப்தமாக இருந்தது. வாய்க்கால் ஓடுவது கேட்டது. தொழுவத்தில் மாடு அசைபோடுவது கேட்டது. பேச்சித்தாய் வயிற்றில் காதை வைத்தாள். இடது விலாவுக்குக் கீழே, தூரத்துத் தறி போல டக் டக்கென்று கேட்டது. இருக்கு, என்றாள். ஆவுடையம்மாள் ஓவென்று அழுதாள். அப்புறம் மௌனமான இரண்டு கைகள் வெளியிலிருந்து ஒரு தலையைத் தேடி, அணைத்து, தள்ளி, நிறுத்தி, வலி வரும்போது காத்து, வலி விடும்போது திருப்பி, ஒன்றரை மணி நேரம் உழைத்தன. சூரியன் மேற்கே சாயும்போது ஒரு பெண்பிள்ளை வந்து விழுந்து வீரிட்டது. அந்த அழுகையை மில்லில் இருந்தவர்கள் கேட்டார்கள், வாய்க்கால் கரையில் கேட்டார்கள், கரும்புக் காட்டில் கேட்டார்கள். ஈரக் கைகளைத் தூக்கிப் பிடித்தபடி நின்ற ஊர் முழுக்க ஒரே நேரத்தில் கை தட்டியது.

எட்டாம் நாள் காய்ச்சல் இல்லை. ஒன்பதாம் நாள் இல்லை. ஆவுடையம்மாள் பத்தாம் நாள் பூண்டுக் குழம்பில் உப்புப் போதவில்லை என்று சண்டை போட்டாள். புருஷனோடு பழையபடி பேசினாளா என்றால் பேசினாள், ஆனால் ஒட்டின தாளை வெந்நீர் தொட்டுப் பிரித்தெடுத்து, அவரையே தினமும் காலையில் மில் வாசலில் நின்று வாசிக்க வைத்த பிறகுதான்.

பதினாறாம் நாள் தீட்டுக் கழிக்கிற நாள். அந்த ஊர் வழக்கப்படி ஐயர் வந்து புண்ணியாகவாசனம் சொல்லி, மாவிலையால் தீர்த்தம் தெளிப்பார். வீட்டுக்குத் தெளிப்பார், தாய்க்கும் பிள்ளைக்கும் தெளிப்பார், முக்கியமாக மருத்துவச்சி தொட்ட இடத்துக்கெல்லாம் தெளிப்பார். தெளித்து முடியும்வரை மருத்துவச்சி கொல்லைப்பக்கம் நிற்க வேண்டும். பேச்சித்தாயும் வழக்கம்போல அங்கேதான் போய் நின்றாள். ஐயர் மந்திரம் சொல்லி முடித்து மாவிலையை எடுத்தார். எடுத்த கை மெலிதாக முரன்றது. தட்சிணைத் தட்டைத் தொட்டது போலிருக்கிறது. போய்க் கழுவிவிட்டு வந்தார். அவசரத்தில் கழுவியதால் இன்னும் கேட்டது. அவர் வெட்கப்பட்டுச் சிரித்தார்.

ஆவுடையம்மாள் பிள்ளையோடு எழுந்து நேரே கொல்லைக்குப் போனாள். எல்லோரும் பார்க்கப் பேச்சித்தாயின் கையைப் பிடித்துக் கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

“இந்த ஊர்ல எப்பவும் சத்தமில்லாத கை இது ஒண்ணுதான, சாமி. இவ தெளிக்கட்டும்.”

ஐயர் செம்பையும் மாவிலையையும் பார்த்தார், தன் கையைப் பார்த்தார், பேச்சித்தாயின் கையைப் பார்த்தார். அப்புறம் இரண்டு கையாலும் செம்பைத் தூக்கி அவளிடம் நீட்டினார்.

பேச்சித்தாய் பிள்ளைக்குத் தெளித்தாள், தாய்க்குத் தெளித்தாள். நெல்லைநாயகம் தலை குனிந்தார்; அவருக்குத் தெளித்தாள். பஞ்சாயத்துத் தலைவருக்கு, செட்டியாருக்கு, மாடசாமி அண்ணாச்சிக்கு இரண்டு தடவை. கூடம் முடிந்ததும் அவள் நிற்கவில்லை. முன்வாசல் வழியாக இறங்கித் தெருவுக்கு வந்தாள். வெள்ளிக்குறிச்சி இரண்டு பக்கமும் வரிசையாக நின்று தலையைக் கொடுக்க, தீட்டுக்காரி என்று இத்தனை நாள் ஒதுங்கி நடந்தவள் தெருவின் நட்டநடுவில் நடந்து, வலக்கை மாவிலையை முக்கி முக்கி, சிரிப்பும் அழுகையுமாக, ஊரின் தீட்டை ஒவ்வொரு தலையாகக் கழித்துக்கொண்டே போனாள்.